கம்பெனி வேட்டி

எங்கள் பிரஸ்ஸில் ஆயுத பூஜைக்குத் துணி கொடுப்பதில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் செக்‌ஷனுக்கு வேட்டியும் துண்டும், பைண்டிங் செக்‌ஷனுக்குச் சேலை. மெஷின் என்றால் ஆம்பளை, பைண்டிங் என்றால் பொம்பளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலாளியின் அப்பா ஏற்படுத்தியது இது. அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. வழக்கம் மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் கனகமணி. பைண்டிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்வது நான்தான். காலண்டருக்குத் தகரம் அடிப்பது, தேதிக் கட்டு தைப்பது, டைரிக்கு அட்டை ஒட்டுவது எல்லாம் என் கண் முன்னால்தான் நடக்கும். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? சீசன் நேரத்தில் ஒரு ஹால் நிறையப் பொம்பளைகளை வைத்துக்கொண்டு லோடு ஏற்றி அனுப்பிப் பாருங்கள், உங்களுக்கும் நீண்டுவிடும்.

ஆனால் கொஞ்ச வருசமாகவே செக்‌ஷன்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துகொண்டுதான் வருகின்றன. டிசைன் செய்கிற கம்ப்யூட்டர் ரூமில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள். பிளேட் எடுக்கிற ரூமுக்கு ஷைலா என்று ஒருத்தி பொறுப்பு. அவள் கதவைச் சாத்தினால் முதலாளிகூடத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். எங்கள் பைண்டிங்குக்கு விஸ்வநத்தத்திலிருந்து காமராஜ் வந்து சேர்ந்தான். அவன் வேலை பார்த்த பயர் ஆபீஸை, பட்டாசுக் கம்பெனியைத்தான் சொல்கிறேன், மூடிவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் வந்தவன், தகரம் அடிப்பதில் எங்கள் எல்லோரையும் முந்திவிட்டான். முதல் வாரம் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். ரெண்டாவது வாரம் எங்கள் வட்டத்துக்குள் வந்து, யார் வீட்டுக் கருவாட்டுக் குழம்பில் உப்பு கம்மி என்று தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

மெஷின் ஹால் மட்டும்தான் மாறாமல் இருந்தது. அதை மாற்றியது ஜாஸ்பின்.

ஜாஸ்பின் காரியாபட்டிப் பெண். பாலிடெக்னிக்கில் பிரிண்டிங் படித்துவிட்டு வந்தவளை, பெண் என்பதால் என்னிடம் அனுப்பிவைத்தார்கள். நல்ல வேகமான கை. இருந்தாலும் கண் மட்டும் எந்நேரமும் ஹாலின் அந்தப் பக்கம் ஓடுகிற போர் கலர் மெஷின், அதாவது நாலு கலரையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கிற மெஷின் மேலேயே இருக்கும். "ஏட்டி, அங்கன என்ன உன் மாமன் மகனா நிக்கான்" என்று நான் வையாத நாள் கிடையாது. கடைசியில் மேனேஜர் சாலமன்ராஜ் சாரிடம் அவளே போய்க் கேட்டு, மெஷின்மேன் காளிராஜுக்கு உதவியாளாகச் சேர்ந்தாள். எனக்கு ஒரு நல்ல கை போயிற்று. எரிச்சல்தான். ஆனாலும் அவள் பேப்பர் தூக்கிப்போட்டு மெஷினை ஓட விடுகிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்யும். சந்தோசம் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த வருசம் காளிராஜ் குடலிறக்க ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆடியிலிருந்து காலண்டர் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. வேறு வழியில்லாமல் மெஷினை ஜாஸ்பின் கையில் கொடுத்தார்கள். ஓட்டினாள். ஒரு பார்ட்டியும் கலர் சரியில்லை என்று திருப்பி அனுப்பவில்லை. காளிராஜ் தேறி வந்ததும் அவர் மெஷினை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் உதவியாளாகப் போய் நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் முதலாளி தங்கப்பாண்டியன் ரெண்டாவதாக ஒரு போர் கலர் மெஷினை வாங்கி இறக்கினார். பூஜை முடிந்து விஜயதசமியன்று அதை ஓட்டத் தொடங்குவது என்று முடிவாயிற்று. எங்கள் பிரஸ்ஸில் விஜயதசமிக்கு எந்தக் கை மெஷினை ஸ்டார்ட் பண்ணுகிறதோ, அந்தக் கைக்குத்தான் அந்த வருசம் அந்த மெஷின். அதில் பேச்சே கிடையாது. ஜாஸ்பின் அந்த மெஷினை நினைத்துச் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் காளிராஜ் முதலாளியின் காதில் ஓதி, வேறொரு பிரஸ்ஸிலிருந்து தன் மச்சினனைக் கூட்டிவர ஏற்பாடு செய்துவிட்டார். சாலமன்ராஜ் சார் ஜாஸ்பினுக்காக ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். முதலாளி மசியவில்லை.

"பிள்ளை நல்லாத்தான் ஓட்டுது, நான் இல்லைங்கல. நாளைக்குக் கல்யாணம் ஆகி எங்கயோ போயிருச்சுன்னா, சீசன் நடுவுல நான் யாரைத் தேடுவேன்?"

நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். விடுவேனா? "காளிராஜ் மச்சினன் போன சீசன்ல மட்டும் மூணு பிரஸ் மாறியிருக்காரு முதலாளி. அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றேன்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "கனகமணி, போய் உங்க லோடைப் பாருங்க" என்றார். பார்க்கப் போனேன்.

ஆயுத பூஜையன்று ஹால் முழுக்கக் கழுவி விட்டு, மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து வாழைக்கன்று கட்டியாயிற்று. நானும் ஜாஸ்பினும் வேதக்காரர்கள்தான், சர்ச்சுக்குப் போகிறவர்கள். அதனால் என்ன? வருசம் பூராவும் முருகன் படத்தையும் லட்சுமி படத்தையும் எண்ணி அடுக்கித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். பொரியும் கடலையும் மட்டும் வேண்டாம் என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பூஜை முடிந்து துணி கொடுத்தார்கள். இந்த வருசம் துணி வாங்கி வந்தது ரய்யான், ஆபீஸுக்குப் புதிதாக வந்த கணக்கர். விருதுநகர்ப் பையன், மரியாதையான பையன், ஆனால் ஆம்பளைக்கு வேட்டி, பொம்பளைக்குச் சேலை என்பதுதான் இதன் உள்கணக்கு என்று தெரியாது. யார் எந்த செக்‌ஷன் என்று கம்ப்யூட்டரில் இருக்கிறதோ, அதன்படி துணியை வாங்கிக் கவரில் போட்டுப் பேர் ஒட்டிவிட்டான்.

"காமராஜ், பைண்டிங்" என்று கூப்பிட்டான். காமராஜ் போய் வாங்கிக் கவரைப் பிரித்தான். கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சேலை.

ஹாலில் எழுந்த சிரிப்பைக் கேட்டுத் தெருவில் போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் ரய்யான் "ஜாஸ்பின், மெஷின்" என்று கூப்பிட, அவள் கவரிலிருந்து எட்டு முழ வேட்டியும் துண்டும் வந்தன. பச்சைக் கரை, நல்ல அகலம்.

ரய்யான் முகம் வெளுத்துவிட்டது. "செக்‌ஷன் பார்த்துத்தான் போட்டேன் முதலாளி, ஆளைப் பார்க்கல" என்றான்.

"இதுக்குப் போய் ஏம்ப்பா வேர்க்க, ரெண்டு பேரும் மாத்திக்கோங்க" என்றார் முதலாளி.

காமராஜ் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "முதலாளி, வீட்டுல வேட்டி அடுக்கிக் கிடக்கு. எங்க வீட்டுக்காரிக்கு இன்னும் தீபாவளிக்குச் சேலை எடுக்கல. பூஜையில குடுத்ததைத் திருப்பி வாங்காதீக, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுபடியும் சிரிப்பு. முதலாளியும் சிரித்துவிட்டு ஜாஸ்பின் பக்கம் திரும்பினார். "சரி, அவன் வச்சுக்கிடட்டும். உனக்கு வேற சேலை தரச் சொல்றேன். வேட்டியைக் குடுத்துரும்மா."

ஜாஸ்பின் கொடுக்கவில்லை. "எனக்கும் இதுவே இருக்கட்டும் முதலாளி" என்றாள்.

"வேட்டிய வச்சு நீ என்ன செய்வ? உங்க அப்பாவுக்கா?"

"அப்பாவுக்கு இல்ல முதலாளி. மெஷின் செக்‌ஷனுக்கு வேட்டின்னுதான் இம்புட்டு வருசமாக் குடுக்கீக. நான் சேலையை வாங்குனா பைண்டிங்னு ஆயிரும். நான் மெஷின் செக்‌ஷன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

காளிராஜுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப நாளைக்கு வேட்டி கட்டிட்டு வருவியாம்மா?" என்றார்.

முதலாளி அதையே பிடித்துக்கொண்டார். பிரச்சினையை லேசாக முடித்துவிடலாம் என்று நினைத்தார், பாவம். "காளிராஜ் சொல்றதும் சரிதான். விஜயதசமியன்னைக்குக் கம்பெனி துணி உடுத்தாதவக மெஷின்ல கை வைக்கக் கூடாது, எங்க அப்பா சொன்ன சொல்லு. நீ வேட்டியை வச்சுக்கிட்டா நாளைக்கு அதை உடுத்திட்டுத்தான் வரணும். முடியாதுன்னா இப்பவே குடுத்துட்டுச் சேலையை வாங்கிக்கோ."

"உடுத்திட்டு வாரேன் முதலாளி" என்றாள் ஜாஸ்பின்.

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். "அக்கா, வாய் தவறிச் சொல்லிட்டேன். இப்ப என்ன செய்ய?" என்றாள்.

"வாய் தவறியெல்லாம் சொல்லல, சரியாத்தான் சொன்ன. வா என்கூட" என்றேன்.

சாயங்காலம் அவளை எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் சபியாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். தீபாவளித் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. தலைக்கு மேல் வேலை என்று சபியா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் கேட்டாள். பிறகு மேசை மேலிருந்த யாருடைய ரவிக்கையையோ ஓரமாகத் தள்ளிவிட்டு, "வேட்டியைக் குடு" என்று கை நீட்டினாள்.

"வெள்ளைத் துணி, லைனிங் வைக்காட்டி உள்ள தெரியும். வச்சுத் தைக்கேன். பேண்ட்டுக்கும் இந்தத் துணியே காணும். கரையை எங்கன வைக்க? மடிச்சு உள்ள விட்டுறவா?"

"வெளிய தெரியுற மாதிரி வைங்க அக்கா. நல்லாத் தெரியணும்" என்றாள் ஜாஸ்பின்.

"அப்படிப் போடு" என்றாள் சபியா. இருட்டுவதற்குள் தைத்தும் கொடுத்துவிட்டாள். கூலி கேட்டதற்கு, "அந்த மெஷின்ல அடிக்கிற முதல் காலண்டர் ஒண்ணு எனக்கு வரணும், அம்புட்டுத்தான்" என்றாள்.

விஜயதசமி காலையில் நாங்கள் பைண்டிங் பொம்பளைகள் எல்லோரும் கத்தரிப்பூச் சேலையில் போய் நின்றோம். காமராஜின் வீட்டுக்காரி சேலையைத் தீபாவளிக்கென்று எடுத்து வைத்துவிட்டாளாம். அதிலிருந்த ரவிக்கைத் துணியைக் கிழித்து அவன் தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு வந்தான். "செக்‌ஷனை விட்டுக்குடுக்க முடியுமா அக்கா" என்று என்னிடம் வேறு கேட்கிறான். மெஷின்காரர்கள் பச்சைக் கரை வேட்டியில் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி நின்றார்கள்.

ஜாஸ்பின் வந்தாள். அதே வேட்டிதான், சுடிதாராக வந்தது. பச்சைக் கரை கைகளிலும் கீழ் விளிம்பிலும் ஓடியது. கம்பெனி துண்டை மெஷின்காரர்கள் கட்டுகிற மாதிரியே இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஷைலா பிளேட் ரூம் கதவுக்குப் பக்கத்தில் நின்று கைதட்ட, என் செக்‌ஷன் மொத்தமும் தட்டியது. முதலாளியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏம்மா, உடுத்துறதுன்னா இப்படியா?" என்றார்.

"கம்பெனி துணிதானே முதலாளி" என்றாள்.

"துணி கம்பெனி துணிதான்" என்று ஒத்துக்கொண்டார்.

ஆனால் மச்சினன் வந்துவிட்டான். ஜீன்ஸும் கறுப்புச் சட்டையுமாகப் புது மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ஜாஸ்பினின் முகம் அப்படியே வாடியது. இவ்வளவு செய்தும் பிள்ளை கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கத்தானா வந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தேங்காய் உடைத்தாயிற்று. முதலாளி மச்சினனைப் பார்த்து, "ம், ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். "முதலாளி, தப்பா எடுத்துக்கிடாதீக. கம்பெனி துணி உடுத்தாதவக இன்னைக்கு மெஷின்ல கை வைக்கக் கூடாதுன்னு நேத்துத்தானே சொன்னீக?"

நீட்டிய கையை மச்சினன் பின்னுக்கு இழுத்தான். முதலாளி அவன் ஜீன்ஸைப் பார்த்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்குகிற அவர் அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு ரய்யானைப் பார்த்து, "வேட்டி மிச்சம் இருக்கா?" என்றார்.

"ஆளுக்குத் தக்கனதான் வாங்குனேன் முதலாளி. பைண்டிங்ல ஒரு அக்கா பேறுகாலத்துக்குப் போயிருக்காக, அவுக சேலை ஒண்ணுதான் இருக்கு" என்றான் ரய்யான், ரொம்பப் பொறுப்பாக. "அதை எடுத்துட்டு வரவா?"

என் பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மச்சினன் அவசரமாக, "வேண்டாம் வேண்டாம்" என்றான். காளிராஜ் விடவில்லை. தன் தோள் துண்டை எடுத்து மச்சினன் தோளில் போட்டார்.

"இப்பக் கம்பெனி துணி ஆச்சுல்ல" என்றார்.

"அது உங்களுக்குக் குடுத்தது அண்ணாச்சி. இப்படி ஆளுக்கு ஆள் இரவல் குடுக்கலாம்னா, நானும் முந்தானையைக் கிழிச்சுக் குடுத்து என் செக்‌ஷனுக்கு ஒரு மெஷின் கேப்பேன்" என்றேன்.

சாலமன்ராஜ் சார் மெதுவாக, "நல்ல நேரம் முடியப் போகுது முதலாளி. மெஷின் செக்‌ஷன்ல துணி உடுத்தி, போர் கலர் ஓட்டத் தெரிஞ்சு, கையில மெஷின் இல்லாம நிக்கிறது ஒரே ஒரு ஆள்தான்" என்றார்.

முதலாளி அப்பா படத்தை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். அப்பா சொல்லைத் தட்டி அறியாத மனுசன் அவர். "ஜாஸ்பின், போம்மா. ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்புறம் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறி, பட்டனை அழுத்தினாள். மெஷின் மூச்சு விட்டு ஓட ஆரம்பித்தது. முதல் வேலை பிள்ளையார் படம். முதலில் விழுந்த சீட்டுகளில் ஒரு கலரோடு ஒரு கலர் சேரவில்லை, பிள்ளையாருக்கு ரெண்டு தும்பிக்கை. மச்சினன் உதட்டைச் சுழித்தான். ஜாஸ்பின் யாரையும் பார்க்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தாள், போர்டில் எதையோ தட்டினாள், மறுபடியும் ஓட்டினாள், மறுபடியும் பார்த்தாள். நான் இயேசப்பாவையும் பிள்ளையாரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விழுந்த சீட்டை எடுத்து அவள் மேசையில் விரித்தாள். காளிராஜ் போய்க் குனிந்து பார்த்தார். நல்ல வேலையைக் கெட்ட வேலை என்று சொல்ல அவர் வாய்க்கு வராது, எத்தனை குறை இருந்தாலும் அவர் மெஷின்மேன். "மஞ்சள் ஒரு பொட்டு கூடுதல்" என்றார்.

"குறைச்சுட்டேன் அண்ணே. அடுத்ததைப் பாருங்க."

அடுத்ததைப் பார்த்தார். மச்சினன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "கையில மை, புதுத் துணியெல்லாம் பட்டிருச்சு பாரு. இனிமே உனக்கு வெள்ளைத் துணி ஆகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மெஷினை ஸ்டார்ட் பண்ணப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, யாரும் பார்த்துவிடாமல் இருக்க நாலு பேரைச் சும்மாவே வைதேன்.

மறுநாள் வேலை தொடங்குகிற நேரத்தில் என் மேசைக்கு முன்னால் பைண்டிங் பிள்ளைகள் மூன்று பேர் வந்து நின்றார்கள். நடுவில் ஐஸ்வர்யா, தேதிக் கட்டு தைப்பதில் கெட்டிக்காரி.

"அக்கா, வர்ற வருசம் எங்களுக்கும் வேட்டி வேணும்" என்றாள்.

எனக்குப் பகீர் என்றது. ஜாஸ்பின் ஒருத்தி போனதற்கே நான் தவித்துப்போனேன். "நல்லாருக்குடி நியாயம். எல்லாரும் அந்தப் பக்கம் போயிட்டா இங்கன தேதிக் கட்டு யாரு தைப்பா? உங்க அப்பனா வந்து தைப்பாரு?" என்று கத்தினேன்.

மற்ற ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐஸ்வர்யா குனியவில்லை.

"எங்க அப்பா வாரேன்னுதான் சொல்றாரு அக்கா. பயர் ஆபீஸ்ல இப்ப அவருக்கு வேலை இல்ல. காமராஜ் அண்ணன் சேலை வாங்கிட்டுப் போனதைக் கேட்டதுலேருந்து, பைண்டிங்ல ஆள் எடுப்பாகளான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. அம்மாவுக்குச் சேலை எடுத்துக் குடுத்து ரொம்ப நாளாச்சாம்."

நான் திரும்பி ஹாலைப் பார்த்தேன். ஹாலின் அந்தப் பக்கம் புது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் காமராஜ் தகரம் அடித்துக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தான்.

"திங்கக்கிழமை கூட்டிட்டு வா" என்றேன். "சாப்பாடு கொண்டாரச் சொல்லு. இங்கன எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்."